பொன்னுதுரை கைக்கு வந்த ரிமோட்

பொன்னுதுரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய குரல் எனக்குப் பழக்கமாகிவிட்டது. தூத்துக்குடி துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார். போனை எடுத்து இன்னார் வேண்டும் என்று சொன்னால் போதும், இணைப்புக் கிடைத்துவிடும். அவருக்குக் கண் தெரியாது என்பதை நான் அறிந்ததே வெகுநாள் கழித்து, ஒருவரின் தோளில் கை வைத்தபடி அவர் கேண்டீனுக்குள் வந்தபோதுதான். பிறகு மில்லர்புரத்தில் ஒரே தெருவில் எங்கள் வீடுகள் அமைந்தன. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு ஒரே சபைக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். இங்கே சொல்வதில் பாதி அவர் சொன்னது, மீதி அவர் மனைவி கிருபாபாய் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் கிருபாபாய் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அவருக்குச் சொந்த ஊர் நாசரேத்துக்குப் பக்கம். சிறு பிள்ளையாக இருந்தபோது மணல்வாரி அம்மை வந்து பார்வை போய்விட்டது. அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். மகனை வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். படிப்பு, பிறகு ஆபரேட்டர் பயிற்சி, பிறகு துறைமுக வேலை என்று வாழ்க்கை நேராகத்தான் போனது.

கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் சிக்கல். கிருபாபாய் சாத்தான்குளத்துப் பெண், தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவருடைய தாய்மாமாக்கள் இரண்டு பேரும் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றார்கள். கிருபாபாய் யாருக்கும் பதில் சொல்லாமல், பள்ளிக்கூடத்துப் பக்கத்துத் தபால் ஆபீசிலிருந்து துறைமுகத்துக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறார். ஆபரேட்டரே மாப்பிள்ளை என்பதால் வேறு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நான் நெறைய பேசுவேன். கேக்க உங்களுக்குப் பொறுமை உண்டா?" என்று கேட்டாராம்.

"கேக்குததுதான் எனக்கு உத்தியோகம்" என்றாராம் இவர்.

அப்படித்தான் நடந்தது அந்தக் கல்யாணம். காலையில் பேப்பர் வாசித்துக் காட்டுவது கிருபாபாய். பஸ்ஸில் போனால் உப்பளத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்தக் கடைக்குப் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள், எதிரே வருகிற பெண் என்ன நிறத்துச் சேலை என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வருவார். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன குரல். கூட்டத்திலும் தனியாகக் கேட்கும். பொன்னுதுரை தலையை லேசாக அவர் பக்கம் சாய்த்துக்கொண்டு நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் ரகசியம் பேசிக்கொண்டு போகிறவர்களைப் போல இருக்கும்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் மருமகன் பெவின் ஓசூரிலிருந்து வந்து ஒரு பெரிய டிவியும் ஹோம் தியேட்டரும் வாங்கி மாட்டினார். மாமாவுக்குக் காதுதான் கண், சத்தம் நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஹாலின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர், டிவிக்குக் கீழே ஒன்று, தரையில் ஒரு கனத்த பெட்டி. அவற்றோடு செட்டாப் பாக்ஸ், பொன்னுதுரையின் பழைய சிடி பிளேயர். ஆக நாலு கருவிக்கு நாலு ரிமோட். நாலையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு கிருபாபாய் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பொன்னுதுரை அதைக் கேட்கவும் இல்லை. சாயங்காலம் சீரியல், ஞாயிற்றுக்கிழமை ஒரு படம், இந்தியா ஆடினால் கிரிக்கெட். கிருபாபாய் போடுவதை அவர் கேட்பார். கேட்காத இடங்களில், அதாவது யாரும் பேசாத இடங்களில், கிருபாபாய் திரையில் நடப்பதைச் சொல்லுவார்.

போன வருடம் மகள் ஜெஸ்மி இரண்டாவது முறை உண்டானாள். டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார், பயணம் கூடாது. அதனால் கிருபாபாய் ஓசூருக்குப் போக வேண்டியதாயிற்று. பொன்னுதுரையையும் கூட்டிப்போவதாகத்தான் பேச்சு. அவர் மறுத்துவிட்டார். அந்த ஃபிளாட்டில் எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடுவதே இல்லை.

"அங்கன வந்தா நானும் ஒரு பிள்ளைதான். ரெண்டு பேரை நீ பாக்கணும். இங்கன எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

அது உண்மையும்தான். இட்லி அவிப்பார், துணி துவைப்பார், தெருமுனைக் கடைக்குக் குச்சியை ஊன்றிப் போய் வருவார். மத்தியானச் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு விஜிலா ஏற்றுக்கொண்டாள். விஜிலாவின் கணவர் ஆன்றோ தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர். வீட்டில் இருப்பது குறைவு. ஆகவே அவளுக்கும் ஒரு சாப்பாடு கூடச் சமைப்பது பெரிய காரியமில்லை.

வீட்டில் அவருக்குத் தெரியாத ஒரே விஷயம் டிவி. கிருபாபாய் கிளம்புமுன் எல்லாவற்றையும் சரியான இடத்தில் வைத்து, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். இதை மட்டும் தொடுங்கள், மற்ற மூன்றும் டின்னிலேயே கிடக்கட்டும் என்று உத்தரவு.

அந்த வாரமே கரண்ட் போய் வந்தது. வந்த பிறகு பெட்டிகள் விழித்துக்கொண்ட ஓசை கேட்டது, ஆனால் பேச்சுக் குரல் இல்லை. பொன்னுதுரை ரப்பர் பேண்ட் ரிமோட்டை அழுத்தினார், பயனில்லை. டின்னைத் திறந்து மற்றதையும் எடுத்து அழுத்தினார். எதை அழுத்தியதில் எது மாறியது என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் ஜெஸ்மி வீடியோ கால் போட்டு, போனை டிவிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். அவர் பிடித்தார். "அப்பா, ஃபேன் தெரியுது. கீழ இறக்குங்க. இப்ப காலண்டர் தெரியுது" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக டிவி அகப்பட்டபோது, திரையில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அழுத்தியதில் மொழியும் மாறிவிட்டிருந்தது. படுக்கையிலிருந்த மகளுக்குச் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்துவிட்டது. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டோம் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் கிளைட்டன் வந்தார். டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர். ஹோம் தியேட்டரை மாட்டியதும் அவர்தான். வந்த வேகத்தில் சரிபண்ணிவிட்டுப் போனார். அடுத்த கரண்ட் வெட்டில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் கிளைட்டன். மூன்றாவது தடவை போன் பண்ண பொன்னுதுரைக்குக் கூச்சமாக இருந்தது. டிவியைப் போடாமல் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு சில நாட்கள் இருந்துவிட்டார். ஒரு மனிதன் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, தனக்கென்று வாங்கிய பொருளைத் தான் போட முடியாமல் இருப்பது என்ன நியாயம் என்று அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. கோபம் யார் மேல் என்று கேட்டேன். "டின்னு மேல" என்றார்.

ஜெஸ்மி படுத்தபடியே ஆன்லைனில் தேடி, எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் என்று ஒன்றை அனுப்பினாள். விலை உயர்ந்தது. பெட்டியைப் பிரித்து அவர் கையில் எடுத்தபோது, அது ஒரு கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார். ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. பார்க்கிறவர்களுக்குப் படம் படமாகத் தெரியும். அவருக்கு அது ஒரு வழவழப்பு. மகளிடம் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார். விஜிலாதான் போனை வாங்கி விஷயத்தை உடைத்தாள். பொருள் திரும்பிப் போனது.

அதன் பிறகு அவரே ஆட்டோ பிடித்துக் கிளைட்டன் கடைக்குப் போனார். தனக்கு வேண்டியது இன்னதென்று சொன்னார்: விரலுக்குத் தட்டுப்படுகிற பித்தான்கள், எல்லாப் பெட்டிக்கும் ஒன்றே, தடுமாறிப்போனால் முதலிலிருந்து தொடங்க ஒரு வழி. கிளைட்டன் ஒரு வாரம் தேடிக் கொண்டுவந்தார். ரப்பர் பித்தான் வைத்த கனமான ரிமோட். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய ரிமோட்டையும் இதையும் மூக்கும் மூக்கும் முட்டுகிற மாதிரி மேஜையில் வைத்து, இதில் ஒரு பித்தானை அழுத்தி, உடனே பழையதில் ஒன்றை அழுத்தினால், அந்த வேலையை இது கற்றுக்கொள்ளும்.

"பழைய ரிமோட்டு முனையில இருந்து ஒரு வெளிச்சம் போகும். இது அதைப் புடிச்சி வச்சிக்கிடும்" என்றார் கிளைட்டன்.

என்ன நிறத்து வெளிச்சம் என்று பொன்னுதுரை கேட்டார். எதையும் நிறத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கம்.

"அது எங்க கண்ணுக்கும் தெரியாது அண்ணாச்சி. யாருக்கும் தெரியாது. போன் கேமரால பாத்தாத்தான் மினுக்குதது தெரியும்."

பொன்னுதுரைக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. அப்புறம் எல்லாப் பித்தானையும் தானே அழுத்துவதாகச் சொல்லி, கிளைட்டனை வெறுமனே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சிவப்பு விளக்கு இரண்டு தடவை மின்னினால் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். மின்னியதும் கிளைட்டன் "ஆச்சு" என்பார். ஒரு முழுக் காலை இதில் போனது.

இருந்தும் சிக்கல் தீரவில்லை. மேலே வலது மூலையில் ஒரு பித்தானை அழுத்தினால் டிவி, ஹோம் தியேட்டர், செட்டாப் பாக்ஸ் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விழிக்க வேண்டும். இவர் அழுத்திவிட்டு, மூன்றுக்கும் வெளிச்சம் போய்ச் சேருமுன்பே கையை மடியில் இறக்கிவிடுவார். டிவி விழித்திருக்கும், ஹோம் தியேட்டர் தூங்கும். மறுபடி அழுத்தினால் விழித்தது தூங்கும், தூங்கியது விழிக்கும். இரண்டு நாள் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. கடைசியில் அவர் கருவிகளின் ஓசையைப் பழகிக்கொண்டார். டிவி வரும்போது ஒரு சின்ன மணி ஒலிக்கும். ஹோம் தியேட்டர் பெட்டிக்குள் ஏதோ ஒன்று டிக் என்று தட்டும். செட்டாப் பாக்ஸ் கடைசியில் லேசாக இரையும். அந்த இரைச்சல் கேட்கிற வரைக்கும் கையை நீட்டியபடியே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முக்கியமான நாலு பித்தானில் விஜிலா தன் மகளின் நெயில் பாலிஷைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காயவைத்தாள். விரல் அங்கே போய்த் தானாக நின்றது.

அந்த முதல் வாரத்தை அவர் பெரிய சந்தோஷத்தோடு சொல்லுவார். இத்தனை சேனல் இருப்பதே அவருக்குத் தெரியாது. மலையாளத்தில் யாரோ மீன் சமைத்தார்கள். எங்கோ கால்பந்து ஆடினார்கள். ஒரு சேனலில் காட்டு விலங்குகளைப் பற்றித் தமிழில் ஒருவர் அடித்தொண்டையில் பேசினார். பிடிக்காவிட்டால் அடுத்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம், காரணம் காட்ட வேண்டாம். துறைமுகத்து எக்ஸ்டென்ஷன் எண்களை மனதில் வைத்திருந்த மாதிரி சேனல் எண்களையும் வைத்துக்கொண்டார்.

ஆனால் சாயங்காலச் சீரியலை மட்டும் அவர் விடவில்லை. மூன்று வருடமாகக் கேட்டுவருகிற கதை. வசுந்தரா என்று ஒரு மருமகள், அவளைப் படுத்தும் மாமியார், வாய் திறக்காத மாமனார், இரண்டு கொழுந்தன்மார். கிருபாபாய் இல்லாமல் கேட்டபோது கதை அங்கங்கே விட்டுப்போனது. நீளமாக வாத்தியம் வாசிப்பார்கள், இடி இடிக்கும், திரும்ப வாத்தியம். அப்போது என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் விஜிலா ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை கொண்டுவந்தவள், சீரியல் ஓடுவதைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளும் அதைத் தவறாமல் பார்க்கிறவள். வாத்தியம் ஆரம்பித்ததும் பொன்னுதுரை கேட்டார்.

"வசுந்தரா இப்ப என்ன செய்யுதா?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. நிக்கா."

"கிணத்தடியிலயா?"

"எந்தக் கிணறு?"

"வீட்டுக்குப் பின்னால ஒரு கிணறு உண்டுல்லா. மனசு சரியில்லன்னா அங்கன போயி நிப்பாளே."

விஜிலா கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் முதல் நாளிலிருந்து பார்ப்பதாகவும், அந்த வீட்டில் கிணறே கிடையாது என்றும் சொன்னாள். வசுந்தரா நிற்பது ஹாலில். எப்போதும் ஹாலில்தான்.

பொன்னுதுரை விடவில்லை. மாமனார் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பாரே என்றார். நன்றாகத்தான் நடக்கிறார் என்றாள். மாமியார் யாருமில்லாதபோது அடுக்களைக்குள் வந்து மருமகள் வைத்த குழம்பை எடுத்து ருசி பார்ப்பாளே என்றார். அப்படி ஒரு காட்சி வந்ததே இல்லை என்றாள். சின்னக் கொழுந்தன் மாடியில் புறா வளர்க்கிறானே என்றார். விஜிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தோசையைத் தட்டில் எடுத்து வைத்து, சாப்பிடச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவர் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமே கேட்டேன், அப்போது என்ன நினைத்தீர்கள் என்று. முதலில் சீரியலைப் பற்றித்தான் நினைத்தாராம். கொஞ்ச நேரத்தில் மனம் வேறு பக்கம் போய்விட்டது. இந்த வீட்டுச் சுவர் என்ன நிறம் என்பது அவருக்கு கிருபாபாய் சொல்லித்தான் தெரியும். தன் மகள் யார் ஜாடை என்பதும் அப்படித்தான். கல்யாணத்தன்று சபையில் யார் யார் வந்தார்கள், தாய்மாமாக்கள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தார்கள், அப்பா அடக்கத்தில் யார் அழுதார்கள், துறைமுகத்தில் கப்பல் எவ்வளவு பெரிது, எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை. அவற்றில் எங்கே கிணறு இருக்கிறது, எங்கே இல்லை?

அடுத்த சில நாட்கள் அவர் மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தார். விஜிலாவிடம் வீட்டின் வெளிச்சுவர் என்ன நிறம் என்று கேட்டார். இளம்பச்சை என்றாள். கிருபாபாய் சொன்னதும் அதுதான். ஹாலில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவில் தான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். தலையைப் பொண்ணு பக்கம் சாய்த்துக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் சிரிக்கிறீர்கள் என்றாள். அதுவும் சரி. கிளைட்டனிடம் பேச்சோடு பேச்சாக, வாசல் வேம்பு எவ்வளவு உயரம் என்று கேட்டார். என்னிடமும் ஒருநாள் சபை முடிந்து வரும்போது, தன் பேண்டும் சட்டையும் என்ன நிறம், பொருத்தமாக இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. நீலச் சட்டை, சாம்பல் பேண்ட், நன்றாக இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

எல்லாம் ஒத்துப்போயின. சீரியலில் மட்டும்தான் பொய். அது ஆறுதலாக இருந்தாலும், சீரியலில் மட்டும் ஏன் என்பது அவருக்கு விளங்கவில்லை.

ஜெஸ்மிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மூன்று மாதம் பார்த்துவிட்டு கிருபாபாய் ஊர் திரும்பினார். வந்து குளித்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து பழக்கத்தில் பிஸ்கட் டின்னுக்குக் கையை நீட்டினார். டின் இல்லை. அது அலமாரிக்குள் போயிருந்தது. புது ரிமோட்டை வாங்கி அழுத்திப் பார்த்தார். டிவி வந்தது, சத்தம் வரவில்லை. கையை நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்று பொன்னுதுரை சொன்னார். மறுபடி அழுத்தியதில் டிவியும் போனது.

"நீங்களே போடுங்க" என்று கிருபாபாய் அதைத் திருப்பிக் கொடுத்தார். தன்னுடைய பயணக் களைப்பு அப்படிப் பேசவைத்தது என்றுதான் அவர் என்னிடம் சொன்னார்.

பொன்னுதுரை உடனே எதையும் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றிய பேச்செல்லாம் ஓயட்டும் என்று காத்திருந்தார். ஒரு சாயங்காலம் சீரியலில் வாத்தியம் தொடங்கியதும், கிருபாபாய் வழக்கம்போல, வசுந்தரா கிணத்துப் பக்கம் போகிறாள் என்று ஆரம்பித்தார். பொன்னுதுரை சத்தத்தை நிறுத்தினார்.

"கிணறு உண்டா, கிருபா?"

கிருபாபாய்க்குப் புரிந்துவிட்டது. விஜிலா சொன்னாளா என்று கேட்டார். யார் சொன்னால் என்ன, உண்டா இல்லையா என்றார் இவர்.

"இல்ல" என்றார் கிருபாபாய். பிறகு தானாகவே சொன்னார்: "சீரியல்காரன் மூஞ்சிய மூஞ்சியத்தான் காட்டுதான். மாமியா மூஞ்சி, மருமவ மூஞ்சி, திரும்ப மாமியா மூஞ்சி. நீங்க இப்ப என்ன, இப்ப என்னன்னு கேக்கிய. ஒண்ணும் நடக்கல, ஒண்ணும் நடக்கலன்னு நான் எத்தன தடவ சொல்லுதது? ஒருநா கிணத்தடிக்குப் போறான்னு சொல்லிட்டேன். நீங்க நிமிந்து உக்காந்திய. அதுக்குப் பொறவு அந்தக் கிணத்த நான் எப்படி மூடுதது?"

பொன்னுதுரைக்குச் சிரிப்பு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர், "வேற எதுலயும் நீ இப்படிச் சொல்லல. தெரியும். விசாரிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். கிருபாபாய்க்கு அது வேறு மாதிரி விழுந்தது. யாரிடம் விசாரித்தீர்கள் என்று கேட்டார். விஜிலாவிடம், கிளைட்டனிடம், என்னிடம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். கிருபாபாய் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அன்றைக்கும் மறுநாளும் அவர் ஹாலுக்கு வரவில்லை. காலையில் பேப்பர் வாசித்தார். அதிலும் தலைப்புகளை மட்டும். சாப்பாடு வைத்தார். தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. பேசுவதற்குப் பேர்போன மனுஷி பேசாமல் இருந்தது அந்த வீட்டில் அதுவரை நடக்காத சங்கதி. பொன்னுதுரை தனியாக ஹாலில் சேனல் சேனலாக மாற்றிக்கொண்டிருந்தார். எதுவும் காதில் ஏறவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

"எனக்குப் பயம் வந்துட்டு. அதான் கேட்டேன்."

"என்னத்துக்குப் பயம்?"

"நீ சொன்னதுதானே எனக்கு எல்லாம். ஒரு எடத்துல இல்லன்னா, மத்த எடத்துலயும் இல்லாம போயிருமோன்னு."

கிருபாபாய் அகப்பையைக் கீழே வைத்தார். தான் விளையாட்டாகச் செய்தது இந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அந்த நிமிடம்தான் தனக்கு உறைத்தது என்றார் என்னிடம். அவரிடம் மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லையாம். "சோறு ஆறுது, வாங்க" என்று கையைப் பிடித்து மேஜைக்குக் கூட்டிப்போனார். சாப்பிடும்போது, இனிமேல் திரையில் இருப்பதை மட்டும்தான் சொல்லுவேன் என்று சொன்னார்.

சொன்னபடி செய்தார். அந்த வாரம் சீரியல் இப்படிப் போனது: "நிக்கா." வாத்தியம். "இன்னும் நிக்கா." இடி. "மாமியா பாக்கா." வாத்தியம். "விளம்பரம்." பொன்னுதுரை நாலு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் வசுந்தரா நின்றுகொண்டிருக்கும்போதே கால்பந்துக்கு மாற்றிவிட்டார். கிருபாபாய்க்குக் கோபம் வந்து, கதை என்ன ஆகிறதென்று எனக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். அவர் தரமாட்டேன் என்று ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். இத்தனை வருட வாழ்க்கையில் ரிமோட்டுக்காக அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அதுதான். பக்கத்து வீட்டில் விஜிலாவுக்குக் கேட்டிருக்கிறது. மற்ற வீடுகளில் தினமும் நடக்கிறது இப்போதாவது இங்கே நடக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியதாம்.

பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சீரியல் நேரத்தில் கிருபாபாய் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இவரும் சேர்ந்து சொல்லலாம். சின்னக் கொழுந்தனின் புறாக்கள் இப்போது பந்தயத்துக்குப் போகின்றன, அது பொன்னுதுரை சேர்த்தது. மற்ற எல்லா நேரத்திலும், செய்தி, படம், கிரிக்கெட், ஜன்னலுக்கு வெளியே தெரு, எதுவானாலும் உள்ளது உள்ளபடி. சில சாயங்காலங்களில் விஜிலாவும் வந்து உட்கார்ந்து, டிவியில் ஓடும் கதையை விட்டுவிட்டு இவர்கள் சொல்லும் கதையைக் கேட்கிறாள். எது எந்தக் கதை என்று தனக்கே குழம்பிவிட்டது என்கிறாள்.

கிருபாபாய் புது ரிமோட்டைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. கையை நீட்டியே வைத்திருப்பது அவருக்கு இன்னும் வரவில்லை. இரைச்சலுக்கு முன்பே இறக்கிவிடுகிறார். கிறிஸ்மஸுக்கு வந்த பெவினும் அதைக் கையில் வாங்கித் தடுமாறினார். மாமாவிடம் கொடுத்துவிடுவதுதான் சுலபம் என்று எல்லாரும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த மாதம் செட்டாப் பாக்ஸ் கம்பெனிக்காரன் சேனல் எண்களை எல்லாம் மாற்றிவிட்டான். மனதில் வைத்திருந்த எண்கள் ஒன்றும் உதவவில்லை. நேற்றுக் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிருபாபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் வருகிற பெயரையும் எண்ணையும் வாசிக்க, பொன்னுதுரை அதைத் திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த பித்தானை அழுத்தினார். என்னை உட்காரச் சொன்னார்கள். மலையாளச் சேனல்கள் இன்னும் வரவில்லை, அது வந்ததும் காப்பி போடுகிறேன் என்றார் கிருபாபாய்.